காலி மாடியில் போட்ட டீ

அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று என்றைக்காவது சமைத்திருக்கிறீர்களா? உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் கடுகு கருகிவிடும். அப்படி ஒரு தடவையாவது கருகவிட்டவர்களுக்கு இந்தக் கதையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

உடுமலையில் பூங்கோதை டீச்சர் என்று ஒருவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. பொதி கட்டச் சொல்லித்தருபவர்.

பொதி என்றால் கழுதை மேல் ஏற்றுவதில்லை. 'பரண்' என்று ஒரு இயங்குதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். எழுதுவதற்கு, படிப்பதற்கு, பாட்டுக் கேட்பதற்கு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். எங்கெங்கோ யார் யாரோ எழுதிய நிரல்களை ஒவ்வொன்றாகப் பொதி கட்டிப் பரணில் சேர்ப்பதற்கு ஊருக்கு ஊர் ஆட்கள் உண்டு. சம்பளம் கிடையாது. சண்டை நிறைய உண்டு. அந்த ஆட்களில் பலருக்கு வழி காட்டியவர் பூங்கோதை. வயது முப்பத்துமூன்று.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் திருமூர்த்தி. ஐம்பதைத் தாண்டியவர். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். இவர் அவரை 'டீச்சர்' என்பார். அவர் இவரை 'அண்ணா' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

டீச்சர் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் காலியாகவே கிடந்தது. ஒரு சமையல்கட்டு, ஒரு அறை, ஒரு குழாய். அதைப் பற்றித் தெருவில் கேட்காதவர்கள் இல்லை.

"ஏன் கண்ணு, வாடகைக்கு உடாம இப்படிச் சும்மா போட்டு வெச்சிருக்கறயே?"

"சும்மா இல்லீங்க, வேலை செய்யுது" என்று டீச்சர் சிரிப்பார். அதைத் தினமும் கூட்டிப் பெருக்கி மட்டும் வைப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை. திருமூர்த்தி லேப்டாப் பையோடு வந்து வாசலில் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், மறுபடியும் திருப்பி அனுப்பிருச்சுங்க."

"உள்ள வாங்ணா. எது?"

"வேற எது? உங்க வெற்றறைதான்."

பரணில் ஒரு வழக்கம். பொதி வந்ததும் நேராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கென்று ஒரு கணினி உண்டு. வெற்றறை என்று பேர். அதற்குள் ஒன்றுமே இருக்காது. பொதி கட்டியவர் தன் குறிப்பில் 'இது வேண்டும், அது வேண்டும்' என்று எதைக் கேட்டிருக்கிறாரோ அதை மட்டும் உள்ளே வைக்கும். கட்டிப் பார்க்கும். பொதியோடு அவர் எழுதி வைத்த சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். சரியாக வந்தால் ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால் திருப்பி அனுப்பும். எப்படிப் போனாலும், கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி வெறும் அறையாகிவிடும்.

திருமூர்த்தி கொண்டுவந்த பொதியின் பேர் சல்லடை. ஓடுகிற எழுத்தை வாக்கியம், சொல், எண், தேதி என்று பிரித்துத் தருகிற நூலகம். நூலகம் என்றால் புத்தக அலமாரி இல்லை. மற்ற நிரல்கள் வந்து வேலை வாங்கிக்கொள்கிற பொது நிரல். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களில் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும் 'வாசிப்பான்' இருக்கிறதே, அதற்குச் சல்லடை கிடைத்தால்தான் ஒழுங்காக வாசிக்க வரும். கிடைக்காவிட்டால் புள்ளியைக் கண்ட இடத்திலெல்லாம் வாக்கியம் முடிந்தது என்று நிற்கும்.

நிற்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். விடுதியில் துளசி என்று ஒரு பெண்ணுக்கு இருமல் வந்தது. மருந்துச் சீட்டை வாசிப்பானிடம் கொடுத்தாள். சீட்டில் இருந்தது 2.5 மில்லி. வாசிப்பான் சொன்னது: "இரண்டு." மூச்சு விட்டது. "ஐந்து மில்லி."

துளசி ஐந்து மில்லி குடித்தாள். கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். அவ்வளவு நேரமும் திருமூர்த்தி அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எழுந்ததும் அவள் கேட்டாள், "சார், நான் தப்பா கேட்டனுங்களா?"

"இல்ல சாமி. நீ சரியாத்தான் கேட்ட."

அன்றைக்கு எடுத்த வேலை இது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதுப் பரண் ஏறும். புதுப் பரணில் எது எது இருக்கும் என்பது இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு முடிவு. அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் அடுத்த வருஷம்தான்.

"எல்லாம் சரியா வருதுங்க டீச்சர். ஒரே ஒரு சோதனைதான் தோத்துப் போகுது."

"உங்க மிஷின்ல?"

"என்ற மிஷின்ல ஒரு தடவைகூடத் தோத்ததில்லீங்க. சத்தியமா. வெற்றறைக்குப் போனா மட்டும் உடையுது. அந்த ரூம்லதான் என்னமோ கோளாறு."



திருமூர்த்தி குரலைத் தணித்தார். "டீச்சர், ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. அந்த ஒரு சோதனையை மட்டும் அணைச்சுட்டு அனுப்பட்டுங்களா? மத்தவங்க பண்றதில்லையா? எத்தனையோ பொதில பாத்திருக்கறேன்."

"அந்தச் சோதனைக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"துளசி" என்றார். 2.5-ஐ உடைக்காமல் தருகிறதா என்று பார்க்கிற சோதனை அது.

டீச்சர் எழுந்தார். "டீ குடிக்கலாங்ணா. உங்க டீயைப் பத்திப் பள்ளிக்கூடமே பேசுதுன்னு சொல்வீங்களே. இன்னைக்கு நீங்களே போடுங்க."

"இப்பங்களா? ஆறு மணிக்குக் கதவு..."

"டீ போட எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

"அதுக்கென்னங்க, கண்ணை மூடி முழிக்கறதுக்குள்ள போட்டுருவேன்" என்று சொல்லும்போதே திருமூர்த்திக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் டீயைப் பற்றி யார் பேசினாலும் அப்படித்தான்.

"என்னென்ன வேணும்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. பாலு, டீத்தூள், சர்க்கரை, ஒரு துண்டு இஞ்சி. அவ்வளவுதான். எல்லாம் கைப்பக்குவமுங்க."

டீச்சர் ஒரு ஒயர்க் கூடையில் பாலும் டீத்தூளும் சர்க்கரையும் ஒரு துண்டு இஞ்சியும் வைத்தார். மாடிச் சாவியையும் கொடுத்தார்.

"மேல போட்டுக் கொண்டு வாங்க."

போனவர் போன வேகத்தில் படியிறங்கி வந்தார்.

"டீச்சர், பாத்திரம் ஒண்ணுமில்லையே அங்க?"

"நீங்க கேக்கலீங்களே."

"பாத்திரம் வேணும்னு சொல்லோணுங்களா?"

"சொன்னாத் தர்றேன்."

பாத்திரத்தோடு போனார். திரும்பி வந்தார்.

"அடுப்பு?"

டீச்சர் சின்ன கேஸ் அடுப்பை எடுத்துக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு போனார். லைட்டருக்கு வந்தார். இஞ்சி தட்டுவதற்குக் கல் கேட்டு வந்தார். அதன் பிறகு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி நின்றபடியே கத்தினார்.

"டீச்சர், வடிகட்டி! டம்ளர்! பிடிதுணி!"

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்... இருங்க." மேலே பார்த்து யோசித்தார். "ஸ்பூன்."

டீச்சர் எல்லாவற்றையும் கொண்டுவந்து படியிலேயே கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டதில் அவர் தோள் குலுங்கியது.

"நீங்க சிரிக்கறது எனக்குத் தெரியுதுங்க."

"நான் சிரிக்கலைங்ணா. டம்ளர் கீழ விழுந்துரும், பாத்துப் போங்க."

கடைசியில் டீ வந்தது. மாடி அறையில் வெறுந்தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒரு வாய் குடித்தார்.

"நல்லாருக்குதுங்ணா."

திருமூர்த்தியும் குடித்தார். டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"இல்லீங்க டீச்சர்."

"என்ன இல்ல?"

"இது என்ற டீ இல்லீங்க. எதோ குறையுது."

"பாலுங்களா?"

"பாலு நல்ல பாலுதான். தூளும் நான் வாங்கற தூளுதான். இஞ்சி நானே தட்டுனேன். ஆனா இது இல்லீங்க."

"வீட்ல போட்டா வருது. இங்க போட்டா வரல."

"ஆமாங்க."

"இந்த ரூம்லதான் கோளாறோ என்னமோ" என்றார் டீச்சர்.

திருமூர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். சரசு எடுத்ததும், சமையல்கட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் முதலில் வந்தது. நின்றது.

"ஏ சரசு, என்ற டீல என்ன இருக்குது?"

"ஏனுங்க, மண்டைல கிண்டைல அடி பட்டுருச்சா?"

"அட, சொல்லு. நம்மூட்ல நான் டீ போடறப்ப என்ன என்ன போடறேன்?"

"நீங்க போடறது பாலு, தூளு, இஞ்சி, சர்க்கரை."

"அதையேதான் இங்கயும் போட்டேன். வரமாட்டீங்குது."

"சர்க்கரை யாரு ஊட்டுச் சர்க்கரை?"

"டீச்சரூட்டுது."

"அப்பறம் எப்படி வரும்? நம்ம சர்க்கரை டப்பால நான் ஏலக்காய்த் தோலைப் போட்டு வெப்பனல்லோ? வாசம் சர்க்கரைல ஏறி நிக்கும்."

திருமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து?"

"கண்ணாலமான புதுசுல இருந்து."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீயி?"

"நீங்க கேக்கவே இல்லையே. 'என்ற டீ, என்ற கைப்பக்குவம்'னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சீங்க. செரி, மனுசன் சந்தோசமா இருக்கறாரு, இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன். போனை வெய்யுங்க, தேங்கா பாதி அரைஞ்சு நிக்குது."

மிக்ஸி மறுபடி ஓடியது. போன் நின்றது.

டீச்சர் மிச்ச டீயையும் நிதானமாகக் குடித்து முடித்தார். திருமூர்த்தி குடிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். சுவர், குழாய், ஜன்னல். அவர் கொண்டுவந்ததைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை.

"டீச்சர்."

"சொல்லுங்ணா."

"என்ற மிஷின்ல நான் கேக்காத ஏதோ ஒண்ணு இருக்குதுங்க."

"என்ன அது?"

"தெரியல. உங்களுக்குத் தெரியுங்களா?"

"உங்க டப்பால என்ன கிடக்குதுன்னு எனக்கு எப்படிங்ணா தெரியும்?"

அவர் கீழே போய் லேப்டாப்பை எடுத்துவந்து திறந்தார். அந்த மிஷின் அவரோடு பல வருஷமாக இருப்பது. அப்பப்போ யார் யாருக்கோ என்னென்னவோ ஏற்றியது. எதையும் அழித்துப் பழக்கமில்லை. நம் வீடுகளில் பழைய டப்பா மூடியைக்கூடப் பத்திரமாக வைத்திருப்போமே, அந்த மாதிரி. ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பரண் தானாகக் கொண்டுவந்து வைத்தது எது, தான் கையால் கொண்டுவந்து வைத்தது எது என்று பிரித்தார். வெயில் ஜன்னலில் இருந்து தரைக்கு இறங்கியது. டீச்சர் கீழே போய்ச் சமைத்துவிட்டு, ஒரு தட்டில் தயிர்சாதமும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். திருமூர்த்தி தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

மத்தியானம் அந்த அறையில் ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் மேலே ஓடினார்.

"கெடச்சிருச்சுங்க!"

சல்லடைக்கு ஒரு குணம் உண்டு. வேலை தொடங்குமுன் மிஷினில் ஒரு குறிப்பிட்ட இடத்தை எட்டிப் பார்க்கும். அங்கே துணைநிரல் ஏதாவது இருந்தால் சத்தமில்லாமல் கூடச் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதுபாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். திருமூர்த்தியின் மிஷினில் அந்த இடத்தில் ஒரு குட்டி நிரல் உட்கார்ந்திருந்தது. பேர் புள்ளிக்காவல். எண்ணுக்கு நடுவில் புள்ளி வந்தால் அங்கே வாக்கியத்தை உடைக்க விடாமல் காவல் காப்பது. அவ்வளவுதான் அதன் வேலை.

"இதை நான் எழுதலீங்க. மாசாணின்னு ஒரு புள்ள. எங்க பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தப்ப என்ற மிஷின்ல உக்காந்து எழுதுனது. அந்தப் புள்ள படிச்சு முடிச்சு வேலைக்கே போயிருச்சு. நான் சுத்தமா மறந்துட்டேன்."

"இப்ப அதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க."

புள்ளிக்காவலை அந்த இடத்திலிருந்து நகர்த்தி வைத்தார். சோதனைகளை ஓட்டினார். வரிகள் ஓடின. ஓரிடத்தில் சிவப்பு வந்தது.

துளசி: தோல்வி.

திருமூர்த்தி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "டீச்சர், என்ற மிஷின்லயும் உடைஞ்சு போச்சுங்க!"

"ரொம்பச் சந்தோஷம்ங்ணா."

சிரிப்பு பாதியில் நின்றது.

"காலைல நீங்க சரின்னு சொல்லியிருந்தா, நான் அதை அணைச்சுட்டு அனுப்பியிருப்பேன். பொதி உள்ள போயிருக்கும். ஜூன்ல பசங்க கைக்குப் போயிருக்கும். என்ற மிஷின்ல மட்டும் ரெண்டு புள்ளி அஞ்சுன்னு சொல்லியிருக்கும்."

டீச்சர் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அடுத்த வேலை தெளிவாகத் தெரிந்தது. புள்ளிக்காவலைத் தனிப் பொதியாகக் கட்ட வேண்டும். சல்லடையின் குறிப்பில், கட்டும்போதும் இது வேண்டும், ஓடும்போதும் இது வேண்டும் என்று எழுத வேண்டும். கட்டினார். எழுதினார். அனுப்பப் போன இடத்தில் கை நின்றது.

பரணில் இன்னொரு வழக்கம். எவ்வளவு சின்ன நிரலாக இருந்தாலும், எழுதியவர் பேரும் சம்மதமும் பொதிக்குள் இருக்க வேண்டும்.

மாசாணிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு வங்கியில், வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. ஊரில் எல்லோருடைய போனையும் எடுப்பாள். வேலை நேரத்தில் தன் போனை எடுக்க முடியாது.

மணி நாலைத் தாண்டியது. ஐந்தானது. அவர் மாடியில் நடக்கும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் இறங்கி வந்தார்.

"டீச்சர், நேரமாகுதுங்க."

"ஆமாங்ணா."

"என்ற மாணவிதானுங்க. நான் சொல்லிக் குடுத்து எழுதுனதுதான். வேண்டாம்னா சொல்லப் போறா? என்ற பேரைப் போட்டு இப்ப அனுப்பிட்டு, அப்பறமா மாத்திக்கலாங்களா?"

டீச்சர் பூப்பறித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த டீ யாரு போட்டதுங்ணா?"

திருமூர்த்தி திண்டாடிப் போய் முருங்கை மரத்தடியில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். ஜூன் மாதம் கண் முன்னால் வந்தது. கம்ப்யூட்டர் அறையில் வரிசையாகப் பிள்ளைகள். காதில் ஹெட்போன். ஒவ்வொரு காதிலும் "இரண்டு." மூச்சு. "ஐந்து."

போன் அடித்தது.

"சார்! மாசாணி பேசறனுங்க. இப்பத்தான் டீ பிரேக் உட்டாங்க. இத்தனை மிஸ்டு கால் போட்டிருக்கீங்க, என்னாச்சுங்க சார்? எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாருக்கறாங்க சாமி. நீ படிக்கறப்ப என்ற மிஷின்ல ஒண்ணு எழுதி வெச்சியே, புள்ளிக்காவல்னு..."

"அய்யோ, அதுங்களா! அது இன்னும் உசுரோட இருக்குதா?"

"அதுதான் இத்தனை நாளா என்ற மானத்தைக் காப்பாத்திட்டு இருந்திருக்குது. எனக்கே தெரியல."

"அப்ப அந்த வாசிப்பான்ல பேசற அம்மா புள்ளிக்குப் புள்ளி மூச்சு வாங்கும் சார். கணக்குப் பாடம் முடியறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிரும். அதான் வாயைக் கட்டி வெச்சேன்."

"அதைப் பரண்ல சேக்கோணும். எல்லா ஊருக்கும் போகும். உன்ற சம்மதம் வேணும்."

"எடுத்துக்கோங்க சார். இதையெல்லாம் போயி கேக்கோணுங்களா?"

"கேக்கோணும் கண்ணு" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர்.

"அது யாருங்க சார்?"

"என்ற டீச்சர்."

"உங்களுக்கே டீச்சரா?" மாசாணி சிரித்தாள். "குரலைக் கேட்டா என்னையாட்டச் சின்ன வயசா இருக்குதுங்க. சார், ரொம்பத் திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க. டீ போடச் சொல்வாங்க."

"அது பரவால்லீங்களே."

"நேரமில்ல சாமி. உன்ற பேரை எப்படிப் போடட்டும்?"

அந்தப் பக்கம் பின்னால் பல பேர் பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நெஜமா பேரு போடுவாங்களா சார்?"

"போட்டாத்தான் உள்ளயே விடுவாங்க."

"அப்ப எங்கம்மா பேரோட போடுங்க சார். பாப்பாத்தி மாசாணின்னு. முழுசா போடுங்க. சம்மதம்னு மெயில் இப்பவே அனுப்பறேன். பிரேக் முடிஞ்சிருச்சு, வெச்சிர்றேனுங்க."

மெயில் வந்தது. ஒரே வரி. "நான் எழுதியதுதான், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். பாப்பாத்தி மாசாணி."

திருமூர்த்தி பேரை எழுதினார். ஒருமுறைக்கு இருமுறை சரி பார்த்தார். இரண்டு பொதியையும் அனுப்பினார். ஆறு மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

மாடியில் வெறுந்தரையில் லேப்டாப்பை வைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். எங்கோ இருக்கும் வெற்றறைக்குள் விளக்கு எரிந்த மாதிரி முதல் வரி வந்தது. கேட்டதை எல்லாம் உள்ளே எடுத்து வைத்தது. சல்லடையைக் கட்டியது. சோதனைகளைத் தொடங்கியது. வரிகள் மேலே மேலே ஏறின.

"டீச்சர், நீங்க பாருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"நீங்களே பாருங்ணா."

"எனக்குப் படபடங்குதுங்க."

"எனக்கும்தான்."

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

துளசி: வெற்றி.

அதற்குக் கீழே இன்னும் சில வரிகள். கடைசியாக ஒன்று: பொதி ஏற்கப்பட்டது.

திருமூர்த்தி அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். கீழே கோயில் ஒலிபெருக்கியில் யாரோ 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொன்னதற்குக்கூட இருவருக்கும் சிரிப்பு வந்தது.

எழுந்ததும் முதல் வேலையாக விடுதிக்குப் போன் போட்டுத் துளசியைக் கூப்பிடச் சொன்னார். புள்ளிக்காவலை லேப்டாப்பில் இப்போது முறையாக, பொதியாகவே ஏற்றியிருந்தார். மருந்துச் சீட்டை வாசிக்கவிட்டு, போனைப் பக்கத்தில் பிடித்தார்.

"இரண்டு புள்ளி ஐந்து மில்லி."

"கேட்டுச்சா சாமி?"

"கேட்டுச்சுங்க சார். நல்லாத்தான் சொல்லுது." துளசி யோசித்தாள். "ஆனா எனக்கு இருமல் போயி ரொம்ப நாளாச்சே. இப்ப எதுக்குங்க மருந்து?"

"குடிக்காதே! கேட்டா மட்டும் போதும்!" என்று கத்திவிட்டு, மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

பிறகு அவரே கீழே போனார்.

"டீச்சர், இன்னொரு டீ போடறனுங்க. இந்தத் தடவை கேட்டு வாங்கிக்கறேன். ஏலக்காய் ரெண்டு குடுங்க. உரிச்சு விதையை நீங்க வெச்சுக்கோங்க, தோலு மட்டும் எனக்கு."

ஒரே தடவைதான் மாடி ஏறினார். டீ வந்தது. டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"இது யாரு டீங்ணா?"

"சரசுதுங்க" என்றார் திருமூர்த்தி. "நான் சும்மா காய்ச்சுனேன்."

குடித்து முடித்தபின் அவரே பாத்திரத்தைக் கழுவினார். அடுப்பைத் துடைத்தார். கல், வடிகட்டி, டம்ளர், ஸ்பூன் எல்லாவற்றையும் சமையல்கட்டு மேடையில் அழகாக அடுக்கினார். மிச்சச் சர்க்கரையை ஒரு டப்பாவில் கொட்டி, ஏலக்காய்த் தோலை உள்ளே போட்டு, மூடி, நடுவில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். அந்த இடமே வீடு மாதிரி ஆகியிருந்தது.

"டீச்சர், இங்க வந்து பாருங்க. நாளைக்கு இன்னொருத்தர் பொதியைத் தூக்கிட்டு அழுதுட்டு வருவாங்க. பாவம், என்னையாட்ட ஏறி ஏறி இறங்க வேண்டாமுங்க. எல்லாமே இங்க தயாரா இருக்கட்டும்."

டீச்சர் வாசல்படியில் நின்று, மேடையில் அடுக்கியிருந்ததை எல்லாம் பார்த்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தார்.

"நல்ல வாசம்ங்ணா."

மூடி, ஒயர்க் கூடைக்குள் வைத்து, கூடையை அவர் கையில் கொடுத்தார்.

"மத்ததையும் எடுத்துட்டுக் கீழ வந்துருங்க. வர்றவங்களுக்கு வீடு காலியா இருக்கோணும்."